கண்டக்டர் சும்மா வருவார்

எங்கள் வார்டுக் கதவருகே உட்கார்ந்திருப்பவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்டக்டர் என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் விசிலடித்தவர். முழங்கால் தேய்ந்து, ஓடுகிற பஸ்ஸில் நிற்க முடியாமல் போனதும், குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சை வார்டுக்குக் காவலாளியாக வந்து சேர்ந்தார். வந்த புதிதில் பழக்கதோஷத்தில் அப்பாக்களைப் பார்த்து, "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்பார். நான்கூடச் சிரித்திருக்கிறேன். அங்கே பதினோரு வருஷமாக நர்ஸ் நான், அவ்வளவு சுலபமாகச் சிரிக்கிற ஆள் இல்லை.

கதவுக்கு வெளியே நீளமான ஹால். பெஞ்சிலும் தரையிலுமாக நாற்பது பேர் கிடப்பார்கள். அப்போதெல்லாம் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் மைக்தான். "ஆறாம் நம்பர் குழந்தையின் பெற்றோர் வரவும்." மைக் கரகரத்தாலே நாற்பது பேரும் எழுந்து நின்றுவிடுவார்கள். நாங்கள் கேட்கப்போவது டயப்பராக இருக்கும், அதற்குள் அந்த அம்மாவுக்குப் பாதி உயிர் போயிருக்கும்.

கண்டக்டருக்கு அது பொறுக்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, தானே நடந்துபோய்க் கூப்பிட ஆரம்பித்தார். அது இன்னும் மோசமாகப் போனது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தாலே, கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஹால் முழுக்கப் பார்க்கும். ஒருநாள் அவர் கழிவறைக்குப் போக எழுந்தார். வழியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தன்னைத் தேடித்தான் வருகிறார் என்று நினைத்து மயங்கி விழுந்துவிட்டாள்.

அதற்கு அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து யாரிடமாவது சும்மா போவார். "சாப்பிட்டியாம்மா?" "ஃபோனுக்கு சார்ஜ் போடணுமாப்பா? குடு." நல்ல சேதியோ கெட்ட சேதியோ, எல்லாவற்றுக்கும் ஒரே நடை, ஒரே முகம். ஒரு மாதத்தில் அவரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை என்றாகிவிட்டது. "டிக்கெட் வாங்கியாச்சுண்ணே" என்று கிண்டல் வேறு. சிலர் நிம்மதியாகத் தூங்கவே ஆரம்பித்தார்கள். எங்கள் டாக்டர்கள் ஒருத்தருக்கும் தோன்றாத யோசனை அது என்று யார் முன்னாலும் சொல்வேன்.

ஒன்பதாம் நம்பர் ஆண்குழந்தை. எண்ணூற்றி அறுபது கிராம். பிறந்து பத்தொன்பது நாள் ஆகியும் அம்மா அவனை ஒருதரம்கூடத் தூக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாக விரலை விட்டு உள்ளங்காலைத் தொட்டதோடு சரி. "நாளைக்கு மூணரைக்கு நெஞ்சுல வச்சுக்கலாம்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னிடம் ஐந்து தடவை வந்து கேட்டாள். "நாளைக்குன்னா நாளைக்குத்தான், போம்மா" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் மதியம் இரண்டரைக்கு அவனுடைய இதயத்துடிப்பு இறங்கத் தொடங்கியது. மருந்து ஏற்றியும் பயனில்லை. "அம்மாவைக் கூப்பிடுங்க, கையில குடுத்துடலாம்" என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் கதவுக்கு ஓடினேன். "ஒன்பது. ரெண்டு பேரையும். சீக்கிரம்."

கண்டக்டர் போனபோது, அவள் கணவன் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் அதுதான் முதல் தூக்கம். அவன் உதட்டில் விரல் வைத்தான்.

"இப்பதான்ணே கண்ணசந்தா. பத்து நிமிஷம் கழிச்சு வரோமே."

"உள்ள கூப்பிடறாங்கப்பா."

"எப்பவும்தான் கூப்பிடறாங்க. டயப்பர்தானே? இந்தாங்க."

கத்தியிருக்கலாம். கத்தினால் ஹாலில் இருக்கிற அத்தனை பேரும் பதறிப் போவார்களே என்று, அந்த முழங்காலோடு குனிந்து அவன் காதில் சொல்லப் பார்த்தார். அவன் நீட்டிய பையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் அவன் அவளை உலுக்கி எழுப்பினான்.

மொத்தம் ஆறு நிமிஷம். அவள் உள்ளே வரும்போது துடிப்பு நின்று இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. ட்யூபையெல்லாம் எடுத்துவிட்டு, துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"சூடா இருக்கானே சிஸ்டர்" என்றாள். "நல்லாப் பாருங்க, சூடா இருக்கான்."

நான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப் பார்ப்பதுபோல வைத்தேன். அவளுக்காக ஒரு நிமிஷம் கேட்டேன். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் கண்டக்டர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. மைக்கைத் துடைத்து மேசைமேல் வைத்திருந்தார். பத்து மணிக்குள் மூன்று அப்பாக்கள் என்னிடம் வந்து, "அண்ணன் ஏன் இன்னைக்கு எங்ககிட்ட வரல? பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரிடம் போய், "எழுந்திருங்க. அழறதை வீட்டுல போய் அழுங்க" என்று கத்தினேன். அவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

எழுந்தார். ஒவ்வொருவரிடமும் போய் ஒரே விஷயத்தைச் சொன்னார். "சும்மா வந்தேன்னா, சும்மாதான் வந்தேன்னு முதல்லயே சொல்லிடுவேன். அப்படிச் சொல்லலைன்னா எதுவும் கேக்காதீங்க. தூங்கறவங்களையும் எழுப்பிக்கிட்டு ஓடி வந்துடுங்க." அன்றிலிருந்து "சும்மாதான்மா", "சும்மாதான்ப்பா" என்று சொல்லிக்கொண்டேதான் அந்த ஹாலில் நடப்பார்.

ஏழு வாரம் கழித்து ஒருநாள் காலை, மூன்றாம் நம்பர் பெண்குழந்தையின் பெற்றோர் முன்னால் போய் நின்றார். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. குழந்தையின் அப்பா செருப்பைக்கூட மாட்டாமல், மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். குழந்தை பதினைந்து நிமிஷம் அம்மாவின் நெஞ்சில் உயிரோடு இருந்தது. அவள் அதன் தலையை முகர்ந்தபடியே இருந்தாள். பிறகு அது போய்விட்டது.

நான் வெளியே வந்தேன். கண்டக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நேரத்துக்கு வந்துட்டாங்கண்ணே" என்றேன்.

"அப்பாடா" என்றார். சொன்ன வாயை உடனே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.