பட்டாளத்தார் சம்சாரம் கேட்ட வரி

ஒவ்வொரு கடிதத்தின் நடுவிலும் ஒரு துளை இருக்கிறது. பெரியப்பா வீட்டுக் கூடத்தில் தொங்கிய கம்பியில் குத்தி வைத்ததால் விழுந்த துளை. மொத்தம் பதினேழு கடிதங்கள். இப்போது என் பீரோவில் இருக்கின்றன. பூட்டிய பீரோவிலிருந்து எதுவும் குறைய வழியில்லை என்று தெரியும். ஆனாலும் அவ்வப்போது எடுத்து எண்ணாவிட்டால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்ட ஒருவர், இரண்டாம் உலக யுத்தத்தின்போது பட்டாளத்துக்குப் போய் எழுதிய கடிதங்கள் அவை. அந்த நாளில் அப்படிப் போனவர்கள் நிலக்காரர் பேருக்குத்தான் எழுதுவார்கள். நிலக்காரர் வாசலில் உட்கார்ந்து ஊரார் முன்னால் படிப்பார். படித்து முடித்ததும் கடிதம் அவர் வீட்டுக் கம்பிக்குப் போய்விடும். இந்தக் கடிதங்களை எழுதியவரின் மனைவி மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று காதில் விழுந்ததைக் கேட்டுக்கொள்வார். யுத்தம் முடிந்தும் புருஷன் திரும்பவில்லை. காணவில்லை என்பதற்கு மேல் செய்தியும் இல்லை. பெரியப்பா நிலத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டார். அந்த அம்மா ஓர் எருமையை வைத்துக்கொண்டு பால் ஊற்றிப் பிழைத்தார். ஊரில் அவருக்குப் பட்டாளத்தார் சம்சாரம் என்றே பெயர்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் ஒருமுறை கள்ளக்குறிச்சியிலிருந்து பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். அன்று மாலையே சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் நின்றது. பெரியப்பா வாசல் கதவைத் தாழிட்டு, ஜன்னல்களையும் சாத்தச் சொன்னார். ஜன்னல் இடுக்கில் கல்வராயன் மலையின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. எத்தனை படி அரிசி இருக்கிறது, எத்தனை பாட்டில் மண்ணெண்ணெய் இருக்கிறது என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கதவு வழியாக வெளியாள் என்று வந்துபோனவர் பட்டாளத்தார் சம்சாரம் ஒருவர்தான்.

ஒரு காலையில் பாலை ஊற்றிவிட்டு அவர் போகவில்லை.

"பஸ்ஸும் இல்ல, ஆபீஸும் இல்ல. சும்மாத்தான குந்திக்கினு இருக்கீங்க சின்னய்யா. எங்கூட்டுக்காரரு கடுதாசியப் படிச்சிக் காட்டுங்களேன்."

"நாப்பது வருஷம் கழிச்சி அதுல இன்னா இருக்குது? எனக்குக் கண்ணு தெரியலேன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்றார் பெரியப்பா.

"அதான் சின்னய்யா கண்ணு இருக்குதே. அப்பல்லாம் படிக்கச்சே நடுவுல இருமிட்டு மடிச்சிடுவீங்க. பத்து பேரு முன்னால பொம்பள சமாச்சாரம் வேணாம்னு முழுங்கிட்டீங்க. இப்ப இன்னாங்க வெக்கம், எனக்குப் பல்லே போயிடுச்சி."

பெரியப்பா என்னை உள்ளே இழுத்தார். "அதுல நெலத்தைப் பத்தி இருக்குது. நீ படிச்சியானா நாளைக்கி கோர்ட்டுல வந்து நிக்கும்" என்றார். வெளியே மரங்கள், உள்ளே அவர், பின்கட்டில் அந்த அம்மா. எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. கடைசியில் கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கே போனேன். பெரியப்பாவும் பின்னாலேயே வந்தார்.

எல்லாக் கடிதமும் ஐயா அவர்களுக்கு வணக்கத்தோடு தொடங்கியது. எருதுகள் நலமா, கோமுகி ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்டது. பிறகு, நிலத்தை வேறு யாருக்கும் விட வேண்டாம், நானே வந்து பயிரிடுகிறேன் என்று கெஞ்சியது.

"இதையா முழுங்கினீங்க?" என்று அந்த அம்மா பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் என் பக்கம் திரும்பினார்.

"சரி, அத்த உடுங்க. என்னைப் பத்தின எடத்தப் படிங்க."

பதினேழையும் முன்னும் பின்னும் புரட்டினேன். அப்படி ஓர் இடம் இல்லை. நானாக ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். வாயில் வரவில்லை. அந்த மனிதர் எப்படிப் பேசுவார் என்பது எனக்குத் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தெரியும்.

"இல்லீங்களா?"

பெரியப்பாதான் பதில் சொன்னார். ஆறுதலாகச் சொல்வதாகவே நினைத்திருப்பார். "எனக்கு எழுதற கடுதாசில பொண்டாட்டியப் பத்தி எப்படிம்மா எழுதுவான்? மரியாதை தெரிஞ்சவன்."

அந்த அம்மா தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, நீர் வடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பாவுக்கு என்ன தோன்றியதோ, "வேணும்னா எல்லாத்தையும் எடுத்துக்கினு போ" என்றார்.

"எனக்கு இன்னாத்துக்குங்க? எல்லாம் உங்களுக்கு எழுதினதுதான். நீங்களே வச்சிக்குங்க."

மரங்களை அகற்றியதும் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். பெரியப்பா கடிதங்களை என் பையில் திணித்தார். வீட்டில் வைத்திருக்கவும் அவரால் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. அவர் பயந்த வழக்கு கடைசிவரை வரவில்லை. இப்போது இருவருமே இல்லை. குப்பையில் போடச் சொல்கிறான் என் மகன். அவனுக்கு அது சுலபம். எனக்கு இன்னாத்துக்குங்க என்று அந்த அம்மா சொன்னதை அவன் காதால் கேட்டதில்லை.