சிவப்பு நிமிடங்கள்

கணினிப் பயிற்சியில் சேர்ந்த இருபத்திரண்டு பேரில் சைகால்தான் வயதில் மூத்தவள். முப்பத்தாறு. பிஷ்கெக் நகரத்தில் பத்து வருடம் ஒரு தையல் கூடத்தில் சட்டைக் காலர் தைத்தவள். கூடத்தை மூடியதும் வேறு வழி தெரியாமல் வேலைவாய்ப்பு மையத்தின் இலவச வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். கணவன் மெதெர் சைபீரியாவில் லாரி ஓட்டுகிறான். வீட்டில் அவளும் பன்னிரண்டு வயது மகள் உமாயும்தான்.

முதல் வாரம் முழுக்க விசைப்பலகையைச் சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோல்தான் தொட்டாள். தான் எதையாவது தப்பாக அழுத்திவிட்டால் அறையிலிருக்கும் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் அணைந்துவிடும் என்று உண்மையிலேயே நம்பினாள்.

"அக்கா, அது கடிக்காது. கடிச்சாலும் பயப்படாதீங்க, நானே ஊசி போட்டு விடறேன்," என்றாள் பக்கத்து இருக்கை பெரமெட். இருபத்து நாலு வயதுப் பெண். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். வாய் சும்மா இருக்காது.

ஆசிரியை நஸிரா அசானொவ்னாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அந்த வாரம் என்ன கற்றுக்கொண்டோம், மனதில் என்ன ஓடியது என்று அரைப் பக்கம் தட்டச்சு செய்து தரச் சொல்வார். சைகால் முதல் வாரம் எழுதியது இரண்டே வரி: 'அட்டவணையில் கூட்டல் போடக் கற்றேன். கை வியர்த்தது.' ஆசிரியை அதன் கீழே, 'வியர்த்ததையும் எழுதினீர்களே, அதுதான் நல்லது' என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைச் சைகால் உமாயிடம் காட்டி, பிறகு சமையலறை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் பயம் கொஞ்சம் தெளிந்தது. அட்டவணைகள் அவளுக்குப் பிடித்துப்போயின. எண்களை வரிசையாக அடுக்கி, வடிகட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் மற்றவர்களைவிட அவள் கை வேகமாக ஓடியது. காலரின் இரண்டு முனையும் சமமாக இருக்கிறதா என்று பத்து வருடம் பார்த்த கண் அல்லவா.

மூன்றாவது மாதம் நேரடி வேலைப் பயிற்சி. பன்னிரண்டு பேரை ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. மருத்துவமனைகளின் பழைய நோயாளி அட்டைகளைப் படம் எடுத்து அனுப்புவார்கள். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். நன்றாகச் செய்கிறவர்களுக்கு நிரந்தர வேலை. கடைசி மூன்று பேருக்குக் கிடையாது.

முதல் நாள் காலை, பொறுப்பாளர் எல்தியார் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். முப்பது வயதைத் தாண்டாத, மெலிந்த இளைஞர்.

"கையெழுத்துப் போடுங்க. சும்மா ஒரு நடைமுறைதான்."

சைகால் படித்தாள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை திரையைக் கணினியிலுள்ள கண்காணிப்பு நிரல் படம் எடுக்கும். எத்தனை விசை தட்டினோம் என்று எண்ணும். தொண்ணூறு விநாடி கை அசையாவிட்டால் திரையின் மூலையிலுள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகும். மூன்று நிமிடமானால் சிவப்பு. சிவப்பு நிமிடங்கள் வாரக் கடைசியில் கூட்டப்படும்.

"அப்ப யோசிக்கற நேரம்?" என்று பெரமெட் கேட்டாள்.

"யோசிச்சுக்கிட்டே தட்டுங்க தங்கச்சி," என்றார் எல்தியார். எல்லாரும் சிரித்தார்கள். சைகாலுக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் கூடத்தில் முதலாளியின் மனைவி பின்னால் வந்து நிற்பாள். செருப்புச் சத்தம் கேட்கும், முதுகு நிமிர்ந்துவிடும். அவள் போனதும் மூச்சு விடலாம். இங்கே யாரும் வந்து நிற்கவில்லை. அதனால் யாரும் போகவும் இல்லை.

இரண்டாவது நாளிலிருந்து அவள் காலைத் தேநீரை நிறுத்திவிட்டாள். கழிப்பறை நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தது. போய்வர நாலு நிமிடம், அதாவது ஒரு சிவப்பு. ஒரு சொல் புரியாமல் உற்றுப் பார்க்கும்போதும் அவள் இடது கை இடைவெளி விசையைத் தட்டிக்கொண்டே இருந்தது. மினி பஸ்ஸில் வீடு திரும்பும்போது விரல்கள் தன்னாலே முழங்காலைத் தட்டின. ஒருநாள் மாலை அடுப்பின் முன் நின்றவளைப் பார்த்து உமாய் கேட்டாள்:

"அம்மா, சூப்பைக் கிண்டிக்கிட்டே எதை எண்ணறே?"

தான் எண்பத்தேழு வரை எண்ணியிருப்பது அப்போதுதான் சைகாலுக்குத் தெரிந்தது.

பெரமெட் மட்டும் மாறவில்லை. ஒரு அட்டையைப் பெரிதாக்கி, தலையைச் சாய்த்து, உதடு அசையப் படிப்பாள். அவள் புள்ளி சிவந்துகொண்டே இருக்கும்.

"எதையாவது தட்டுடி," என்று சைகால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்.

"இருங்கக்கா. இது மருந்துப் பேரா, இல்ல டாக்டரோட மாமியார் பேரான்னு தெரியாம நான் எதைத் தட்டறது?"

மூன்றாவது வாரத் தொடக்கத்தில் எல்தியார் வந்து நின்றார். "அட்டவணை நல்லா தெரிஞ்சவங்க யாரு?"

எல்லாரும் சைகாலைக் காட்டினார்கள்.

எல்தியாரின் கண்ணாடி அறையை ஒட்டிய மேசைக்கு அவள் மாற்றப்பட்டாள். வேலை இதுதான்: நிரல் தரும் எண்களை வாரப் பட்டியலாக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த நேரத்துப் படங்களைத் திறந்து பார்க்கலாம். மற்றப் பதினோரு பேரின் திரைகளும் சின்னச் சின்னச் சதுரங்களாக அவள் முன்னால் விரிந்தன. ஒருத்தி வேலைக்கு நடுவே குழந்தையின் படத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். இன்னொருத்தி 'தலைவலி' என்று தட்டி அழித்திருக்கிறாள். சைகாலுக்குக் காது சூடேறியது. அடுத்தவர் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது.

பட்டியலின் அடியில் பெரமெட். நாற்பத்தேழு சிவப்பு நிமிடங்கள். உச்சியில் அஜார் என்ற பெண், ஒரு நிமிடம்கூட இல்லை.

பெரமெட்டின் படங்களைத் திறந்தாள். அடுத்தடுத்த மூன்று படத்திலும் ஒரே அட்டை. அவள் எங்கும் போகவில்லை, படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு ஏனென்று தெரியாமலே அஜாரின் ஓர் அட்டையைத் திறந்தாள். டாக்டர் எழுதியிருந்தது மூன்றாம் வகை ரத்தம், அதாவது பி. அஜார் ஏற்றியிருந்தது இரண்டாம் வகை, ஏ. அடுத்த அட்டையில், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று ஓரத்தில் எழுதியிருந்த வரியையே காணோம்.

சைகால் சட்டென்று எல்லாவற்றையும் மூடினாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு பட்டியலைக் கொடுத்தால் தன் வேலை நிச்சயம். அப்புறம்தான் அது உறைத்தது. அவள் திரையின் மூலையிலும் பச்சைப் புள்ளி இருந்தது. தனக்குச் சம்பந்தமில்லாத அட்டைகளைப் பதினோரு நிமிடம் திறந்து வைத்திருந்தது ஏற்கனவே படமாகியிருக்கும். பார்த்தாள் என்பது எங்கோ பதிவாகிவிட்டது. இனிச் சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து.

மதிய இடைவேளையில் நிரல் எண்ணுவதில்லை. மூன்று நாள் அவள் சாப்பிடப் போகவில்லை. ஆளுக்கு இருபது அட்டையாகத் திறந்து, தப்புகளை எண்ணி, சிவப்பு நிமிடங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையில் எழுதினாள். பெரமெட்டுக்கு ஒரு தப்பு. அஜாருக்குப் பதினாலு.

"என்னக்கா, விரதமா? இல்ல உங்களையும் மேல தூக்கி வெச்சுட்டாங்கன்னு எங்ககூட உக்கார மனசு வரலியா?" என்று பெரமெட் ஒரு சம்சாவைத் துணியில் சுற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இறைச்சி மணம் கிளம்பியது. சைகால் அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த அட்டையைத் திறந்தாள்.

வியாழக்கிழமை கண்ணாடி அறைக் கதவைத் தட்டினாள்.

எல்தியார் அட்டவணையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "யார் உங்கள இதைப் பாக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் எதுக்குப் பாத்தீங்க?"

"தெரியல எல்தியார். பாத்துட்டேன். அந்த அட்டையில இருக்கறவருக்கு மூணாம் வகை ரத்தம். நாம ரெண்டுன்னு ஏத்தியிருக்கோம். நாளைக்கு அவரை ஆஸ்பத்திரியில படுக்க வெச்சா…"

எல்தியாருடைய வலது கை கணினிச் சுட்டியை இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு என்று அசைத்துக்கொண்டே இருந்தது. சைகாலின் கண் அவர் திரையின் மூலைக்குப் போனது. அங்கேயும் ஒரு புள்ளி. மஞ்சளாகி, சுட்டி அசைந்ததும் பச்சையானது.

அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"அல்மாட்டி தலைமை ஆபீஸ்ல ஒருத்தர் உக்காந்திருக்கார்," என்றார் தணிந்த குரலில். "அவர் என்னைப் பாக்கறார். இதை நான் அனுப்பினா முதல் கேள்வி என்ன வரும் தெரியுமா? இத்தனை வாரமா நீ என்ன பண்ணிட்டு இருந்தேன்னு. எனக்குக் குழந்தை பொறந்து ரெண்டு மாசம்தான் ஆவுது அக்கா."

அவர் அவளை அக்கா என்றது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டு அவள் பயம் குறையவில்லை, கூடியது. தன்னை மிரட்டக்கூடியவரே இப்படி நடுங்கினால், தான் யாரிடம் போய் நிற்பது?

"போங்க. நான் பாக்கறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை வழக்கமாகச் சுவரில் ஒட்டும் வாரப் பட்டியலை ஒட்டவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சைகால் போன் அடித்தாலே துள்ளி விழுந்தாள். நகரத்தின் மேல் நிலக்கரிப் புகை கவிந்திருந்தது. உமாய் ஜன்னலைத் திறக்கப் போனபோது காரணமில்லாமல் அவளைத் திட்டினாள். மெதெர் அழைத்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. போனிலும் யாராவது கேட்பார்களோ என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் தோன்றியது.

திங்கட்கிழமை எல்தியார் முகம் தெளிவாக இருந்தது. யாரையும் நீக்கவில்லை. பெரமெட்டைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். ஏற்றிய அட்டைகள் எல்லாம் மறுபடி பார்க்கப்படும். அஜாருக்கு இன்னொரு மாதம் பயிற்சி. சைகாலுக்கு ஆறுதலாக இருந்தது. அப்போதுதான் ஒரு ஆள் அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தான். பெட்டி நிறையச் சுண்டுவிரல் அளவு கேமராக்கள்.

"படிக்கற நேரமும் வேலை நேரம்தான்னு மேலே ஒத்துக்கிட்டாங்க," என்றார் எல்தியார் சந்தோஷமாக. "இனிமே இது உங்க கண்ணைப் பாக்கும். கண்ணு எழுத்து மேல இருந்தா பச்சை. வேற எங்கயாவது போனா சிவப்பு. நம்ம சைகால் அக்காவோட யோசனை!"

பின்வரிசையிலிருந்து யாரோ, "நல்ல அக்காதான். அப்படியே நாம மூச்சு விடறதையும் எண்ணச் சொல்லியிருக்கலாம்," என்றாள். அஜார் திரும்பியே பார்க்கவில்லை.

சைகால் வாயைத் திறந்தாள். தான் சொன்னது இதை இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்குள் மானிட்டரின் மேல் கேமராவை ஒட்டிவிட்டார்கள்.

அன்று மதியம் எல்தியார் அவளைக் கூப்பிட்டு, பட்டியல் போடும் வேலையை நிரந்தரமாகத் தருவதாகச் சொன்னார். மற்றப் பதினோரு ஜோடிக் கண்களையும் அவள் பார்க்க வேண்டும்.

"வேணாம்," என்றாள் சைகால். "என்னைத் தட்டச்சுக்கே அனுப்பிடுங்க."

"இதைவிட மேலான வேலை அக்கா. புரியாம பேசாதீங்க."

"புரிஞ்சுதான் சொல்றேன். என்னை யாரோ பாக்கறதைத் தாங்கறதே எனக்குப் பெரும்பாடா இருக்கு. நானும் உக்காந்து மத்தவங்களைப் பாக்க மாட்டேன்."

அவர் கை சுட்டியை அசைத்தது. "சரி," என்றார்.

படியில் பெரமெட் பிடித்துக்கொண்டாள். "என்னைக் காப்பாத்தினது நீங்கதான்னு தெரியும்."

"எல்லாரையும் மாட்டிவிட்டதும் நான்தான்."

"ரெண்டும் நிஜம்தான்," என்று பெரமெட் சொன்னாள். கேலி இல்லாமல் அவள் பேசிச் சைகால் கேட்டது அன்றுதான். "ஆனா அந்த ரத்த வகையை நான் இன்னிக்கு திருத்திட்டேன்."

பயிற்சியின் கடைசி வெள்ளிக்கிழமை நஸிரா அசானொவ்னாவுக்குச் சைகால் அரைப் பக்கத்துக்குப் பதில் மூன்று பக்கம் கொடுத்தாள். கணினியைக் கண்டு பயந்தது, அது தெளிந்தது, பிறகு கணினிக்குப் பின்னால் இருக்கிறவர்களைக் கண்டு பயந்தது, அவர்களுக்கும் பின்னால் யாரோ இருந்தது. 'எண்ணக் கற்றுக்கொண்டேன். நான் எண்ணியதை வேறொருவர் எதற்குப் பயன்படுத்துவார் என்று கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்து வருகிறவர்களுக்கு அதையும் சொல்லிக்கொடுங்கள்' என்று முடித்திருந்தாள்.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இதை அடுத்த வகுப்புல படிச்சுக் காட்டலாமா?"

"பேரை எடுத்துட்டுப் படிங்க."

"பயமா இருக்கா?"

"இருக்கு," என்றாள் சைகால்.

ஆசிரியை பேனாவால் பெயரை அடித்துவிட்டு, தாள்களைத் தன் கோப்புக்குள் வைத்தார்.