விஜயதசமி காலையில் பிடிக்காத பிரேக்

தொண்ணூறுகளில் நடந்தது. வத்தேகம டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. தினமும் அந்த மலைப்பாதையில் சைக்கிளில்தான் இறங்கிப் போவார். கண்ணை மூடிக்கொண்டுகூடப் போவேன் என்று பெருமை வேறு. அந்தச் சைக்கிள் மேல் வைத்த பாசத்தில் பாதியை என் மேல் வைத்திருந்தால் நான் எங்கேயோ இருந்திருப்பேன்!

ஆயுத பூஜைக்கு அதைக் கழுவித் துடைத்தார். அதோடு விட்டிருக்கலாம். பளபளவென்று இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய்த் துணியால் இரண்டு ரிம்மையும் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். சந்தனம், குங்குமம் வைத்து, ஹேண்டிலில் மாலை போட்டதும் சாமி படத்துக்கு முன்னால் மாப்பிள்ளை மாதிரி நின்றது. பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது இல்லையா, அதனால் யாரும் அதை ஓட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் டயருக்கடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கியதோடு சரி.

அன்று விஜயதசமி. மகளுக்கு அரிசியில் 'அ' எழுத வைக்க டவுன் கோயிலுக்குப் புறப்பட்டோம். சைக்கிள் பாரில் கட்டிய குட்டி சீட்டில் அவள் உட்கார்ந்தாள். பின்னால் கெரியரில் ஒருபக்கமாக நான், மடியில் அர்ச்சனைத் தட்டு.

கொஞ்ச தூரம் சமமான ரோடு. அப்புறம் இறக்கம். வழக்கமாக அந்த இடத்தில் வண்டி மெதுவாகும். அன்று ஆகவில்லை. காற்று காதில் அடிக்க ஆரம்பித்தது.

"ஏங்க, மெதுவாப் போங்க."

"புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். பின் பிரேக் புடிக்க மாட்டேங்குது."

"அப்ப முன்னாலயும் நல்லாப் புடிங்களேன்!"

"அதுவும் வழுக்குது. திடீர்னு இறுக்கிடுச்சின்னா புள்ள ஹேண்டிலத் தாண்டிப் போயிரும்!"

அவர் சொன்னது சரிதான். பின் பிரேக்கை முழுசாக அழுத்திக்கொண்டு, முன் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றித் தேய்த்தும் பார்த்தார். வேகம் கூடாமல் இருந்தது, ஆனால் குறையவும் இல்லை. எதிரே வளைவு. அதன் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். கீழேயிருந்து பஸ் ஹோர்ன் சத்தம் வேறு ஏறி வந்துகொண்டிருந்தது.

"நீ குதிச்சிரு!" என்று கத்தினார்.

குதிக்கத்தான் செய்தேன், ஆனால் விடவில்லை. கெரியர் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி பின்பக்கமாகச் சறுக்கி இறங்கினேன். தட்டு எங்கேயோ பறந்தது. செருப்பும் போனது. நாலு எட்டு ஓடினேன், அப்புறம் முழங்காலில் விழுந்து இழுபட்டேன். முருகா முருகா என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. கையை விட்டால் பிள்ளை போய்விடும், அந்த ஒரே நினைப்புதான். என் பாரத்தில் வண்டியின் வேகம் குறைந்ததும் அவர் ஹேண்டிலை மேட்டுப் பக்கம் திருப்பினார். முன் சக்கரம் மண்ணில் முட்டி நின்றது. பஸ் எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது.

பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. "இன்னொரு வாட்டி போவோம்ப்பா!" என்றாள். வழி முழுக்க அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்திருக்கிறாள். அவர் ரிம்மைத் தடவிப் பார்த்தார். விரல் எண்ணெயில் மினுமினுத்தது. பிரேக் கட்டையிலும் அதே பிசுக்கு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். மனுஷர் குனிந்து என் முழங்கால் இரத்தத்தைத் துடைத்தார்.

மேட்டின் மேல் இருந்த வீட்டிலிருந்து ஒரு சிங்களப் பெண் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும், உள்ளே போய் அடுப்புச் சாம்பலும் தேங்காய்த் தும்பு நாரும் கொண்டுவந்தாள். எண்ணெய்ச் சட்டியைத் தேய்ப்பது போல அவளும் நானுமாகச் சேர்ந்து ரிம்மைத் தேய்த்துக் கழுவினோம். பிரேக் கட்டைகளை அவர் கல்லில் உரசினார். பிறகு இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி வண்டியை முன்னே தள்ளிப் பார்த்தார். சக்கரம் அசையவில்லை.

அப்படியும் நான் ஏறவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு நொண்டி நொண்டிக் கோயில் வரைக்கும் நடந்தேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். அங்கே அவர்தான் மகளின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைத்தார்.

மகளுக்கு இன்று எதுவும் ஞாபகமில்லை. நான் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறாள். எனக்குத்தான் மறக்க முடியவில்லை. கெரியரில் தொங்கி இழுபடும்போது அவருடைய தோளுக்கு மேலே இரண்டு சின்னக் கைகள் தெரிந்தன. அப்பா பின்னால் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் ஹேண்டிலையும் விட்டுவிட்டு, என் பிள்ளை சந்தோஷமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.