கதவில்லாத வீட்டுக்கு வந்த நோட்டீஸ்

எங்கள் சமஸ்தானம் மெட்ராஸோடு சேர்ந்த வருஷம் அது. சேர்ந்த கையோடு, இனி கள்ளே கூடாது என்று உத்தரவு வந்தது. என் வீட்டுக்காரர் கறம்பக்குடிப் பக்கம் கள்ளுக்கடையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். கள் வாடை அவருக்கே ஆகாது, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அந்தக் கடை மேல் அவருக்கு உயிர்.

வக்கீல் குமாஸ்தா ஒருவர் அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். குத்தகையை முறிக்கிற நோட்டீஸ் கையில் சேர வேண்டுமாம். ஆள் இல்லாவிட்டால் வீட்டில் இன்னொருத்தர் வாங்கலாம், அவரும் வாங்காவிட்டால் கதவில் ஒட்டிவிடலாம். மூன்றில் ஒன்றாவது நடக்காதவரை குத்தகை சாகாது.

என் வீட்டுக்காரர் அன்றே கதவைக் கழற்றி, மாட்டுவண்டியில் ஏற்றி, திருவரங்குளத்தில் என் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என் அம்மா வண்டிக்காரனிடம் கேட்டாராம்: "எம் பொண்ணைத்தானே ஊருக்கு அனுப்பச் சொன்னேன். கதவை அனுப்பியிருக்காக?"

கதவில்லாத வீட்டில் நாலு நாள் குடித்தனம். ஆடுகள் எங்களோடுதான் சாப்பிட்டன. நான் ஒரு கையில் குச்சியும் ஒரு கையில் சோறுமாக இருந்தேன்.

ஐந்தாம் நாள் தாலுகா கச்சேரிச் சேவகர் நோட்டீஸோடு வந்தார். அவர் தலை தெருமுனையில் தெரிந்ததுமே என் வீட்டுக்காரர் பரணில் ஏறி, வைக்கோலுக்குள் படுத்துவிட்டார்.

சேவகர் கையில் பசைச் சட்டியோடு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏந்தாயி, கதவு எங்க?"

"எங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்குண்ணே."

"எப்ப வரும்?"

"சொல்லிட்டுப் போகலையே."

சுவரில் ஒட்டலாமா என்று கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவு என்றுதான் போட்டிருந்ததாம். பிறகு மைப்பெட்டியை எடுத்தார். "சரி, நீ வாங்கிக்க. பெருவிரலக் கொண்டா."

கைநாட்டுக்கு இரண்டு சாட்சி வேண்டும். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "எனக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றார் அவர். அடுத்த நொடியே, "அடே, அங்கிட்டுப் போற வெள்ளாட்டுக்குக் காது கிழிஞ்சிருக்குடா!" என்று கத்தினார். தெருவில் வேறு யாரும் அகப்படவில்லை. எல்லாரும் எங்கள் கடையில் குடிக்கிறவர்கள்.

சேவகர் மைப்பெட்டியைப் பட்டென்று மூடினார். "கைநாட்டுங்க இருக்குற ஊருக்கு வந்தா இப்படித்தான். எழுத்து தெரிஞ்ச வீடா இருந்தா ஒரு நொடியில முடிஞ்சிருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கடைப் பலகையில் கள்ளுக்கடை என்று எழுதியிருக்கும். அதில் வரும் ள் என் பெயரிலும் உண்டு. என் படிப்பு அதில்தான் ஆரம்பித்தது. மீதி எழுத்துகளை, பாத்திரம் விளக்கும்போது வாத்தியார் வீட்டம்மா சாம்பலில் எழுதிக் காட்டினார். இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

"யாரைப் பாத்துக் கைநாட்டுங்கிறீக? பேனாவக் குடுங்க."

பரணிலிருந்து தூசி கொட்டியது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக என் பெயரை எழுதி முடித்தேன்.

"அடிப்பாவி!" என்றது பரண்.

"எறங்கி வாங்கய்யா" என்றார் சேவகர். "இனிமே ஒங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

வீட்டுக்காரர் தலையெல்லாம் வைக்கோலோடு இறங்கி, தாளைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"செல்லாது! ள்ளுக்குப் புள்ளி இல்ல. இது எவ பேரோ. குத்தகை முறியலய்யா!"

சேவகர் குனிந்து பார்த்தார். வாஸ்தவம், புள்ளி இல்லை. அவர் முகம் விழுந்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முதன்முதலாகக் காகிதத்தில் எழுதிய என் பெயர், அதில் போய்ப் பிழையா? தாளை வாங்கி, அழுத்தி ஒரு புள்ளி வைத்தேன். கடை போயிற்று.

மறுநாள் கதவு திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் சுத்தியலை ஓங்கி ஓங்கி அடித்து அதை மாட்டினார். மாட்டி முடித்ததும் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து நீட்டினார்.

"ஒம் பேரக் கதவு பூரா எழுது. இனிமே எவனும் எதையும் ஒட்ட எடம் இருக்கப்படாது."

பொழுது சாயும்வரை எழுதினேன். ஒரு புள்ளிகூட விடவில்லை.