எந்த வெர்ஷன், ஜெசிந்தா?

இன்று காலை சந்தனம் இழைக்கும் வாசனை வந்ததும் கை தானாகப் போனைத் தேடியது. ஆயுத பூஜையன்று என் மனைவி அரிவாள்மணைக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைப்பாள். நான் ஜெசிந்தாவின் அழைப்புக்குக் காத்திருப்பேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன ஆயுதம் மிச்சம்?

நிலக்கோட்டையில் ஒரு பூ மண்டியில் ஜெசிந்தா கணினி பார்த்தாள். திண்டுக்கல்லிலிருந்து போய் அதன் பழுதுகளைப் பார்ப்பது என் வேலை. நான் போய்வந்த பஸ்ஸை நினைத்தால் இப்போதும் மல்லிகை மணக்கிறது. பூ மூட்டைகளுக்கு இருக்கை, ஆட்களுக்குக் கம்பி. அது கிடக்கட்டும், சர்வருக்கு வருகிறேன்.

பூ கொண்டுவரும் அத்தனை பேரின் பெயரும் கணக்கும் மூலையில் நின்ற அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. ஆயுத பூஜைக்கு அதை அணைத்து, ஒரு நாள் ஓய்வு கொடுத்து, சந்தனம் வைப்பார்கள். மாதா கோயிலுக்குப் போகும் ஜெசிந்தாதான் வைப்பாள். "அதுவும் உழைக்குதுல்ல சார்?" ஒரு வருஷம், ஓய்வெடுத்த சர்வர் எழுந்திருக்கவே இல்லை. ஓய்வின் ருசி அப்படி.

மதுரையிலிருந்து வேறு பெட்டி வந்தது. பொருத்த வந்தவர் டேட்டாபேஸ் எந்த வெர்ஷன் என்று கேட்டிருக்கிறார். ஜெசிந்தா தன் மேஜைக் கணினியைப் பார்த்து, அஞ்சு என்றிருக்கிறாள். அஞ்சைப் போட்டு, பழைய பெட்டியிலிருந்து நகலெடுத்து வைத்திருந்த பேக்கப்பை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது, பெயர்கள் இருக்கவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள்.

"எம்பேரு எங்கத்தா போச்சு? முந்தாநாளு வரைக்கும் இருந்தேனே!" என்றாள், பூ கொண்டுவந்திருந்த வெள்ளையம்மா.

"நீ இருக்கத்தா. கம்ப்யூட்டருக்குத்தான் ஒன்னயத் தெரியல," என்றார் எடை போடுகிறவர்.

முதலாளி சிரிக்கவில்லை. "பூ வாடுது. மத்தியானத்துக்குள்ள பேரு வரல, நாளையிலருந்து நீ வர வேணாம்" என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் கணவர் இறந்த வருஷம் அது. அந்தச் சம்பளத்தில்தான் வீடு. அவள், புதுப் பெட்டிக்கும் வைத்த சந்தனம் காய்ந்த விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எந்த வெர்ஷன், ஜெசிந்தா? யாரோடது அந்த அஞ்சு?"

"எங்க கம்ப்யூட்டர்ல போட்டிருந்துச்சு சார்."

"அது கேள்வி கேக்குற ஆளோட வயசும்மா. பதில் சொல்ற ஆளோட வயசையில்ல பாக்கணும்?"

அவள் மேஜையில் இருந்தது சர்வரோடு பேசுவதற்கான சின்ன மென்பொருள். அதன் எண் வேறு. சர்வரையே கேட்கலாமென்றால் அது செத்துக் கிடந்தது. ஆனால், தான் எந்த சர்வரிலிருந்து வந்தேன் என்பதை பேக்கப் கோப்பு தன் தலையிலேயே எழுதி வைத்திருக்கும். திறந்தோம். நாலு. நாலில் எழுதிய தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாமல்தான் அஞ்சு கேள்விக்குறி போட்டிருந்தது.

நாலைப் போட்டு மறுபடி ஏற்றினோம். கேள்விக்குறிகள் கலைந்து பெயர்கள் வந்தன.

"வந்துட்டியா ஆத்தா," என்றாள் ஜெசிந்தா, வெள்ளையம்மாவிடம் இல்லை, திரையிடம். பிறகுதான் அழுதாள்.

அதிலிருந்து ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் போன். "சார், சர்வரையே கேட்டுட்டேன். இன்னும் நாலுதான்." வாழ்த்து அவ்வளவுதான். பிறகு அஞ்சு, அதற்கப்புறம் எட்டு. நான் ஓய்வு பெற்ற பின்னும் நிற்கவில்லை.

இன்றும் வந்தது.

"பொட்டியத் தூக்கிட்டாங்க சார். எல்லாம் இன்டர்நெட்டுல எங்கிட்டோ இருக்காம். வெர்ஷன் தன்னால மாறிக்கிருமாம். யாரும் கேக்க மாட்டாங்களாம்."

எல்லா வழிமுறையும் தெரிந்தவன் என்று பெயரெடுத்த நான் போனைக் காது மாற்றிப் பிடித்தேன்.

"சந்தனம் கரைச்சு வச்சுட்டேன் சார். எங்க வைக்க?"