9973 இல்லாத பட்டியல்

இருதயராஜ் முப்பத்திரண்டு வருஷம் அம்பத்தூரில் கியர் வெட்டியவர். நூற்றிருபத்தேழு பல் வைக்கச் சொன்னால் பட்டறையே அலறும். வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் தட்டில் எந்தத் துளை வரிசையும் அதற்கு ஒத்துவராது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் வளைந்துகொடுக்காத அந்தப் பகா எண்கள் மேல் அவருக்கு ஒரு மரியாதை.

மனைவி ஞானகுமாரிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதும் ஆஸ்பத்திரியில் ஒரு நம்பர் கொடுத்தார்கள். 99799811.

"இது பகா எண்ணா இருந்தா உங்கம்மா பொழச்சுக்குவா, ஷைலா. மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். மெஷின்ல பாக்கக் கூடாது, கையாலதான் வகுக்கணும். 9989 வரைக்கும் போதும். அதுக்கு மேல ஒண்ணு வகுத்தா, அதோட ஜோடி இதுக்குள்ளயே மாட்டியிருக்கும். பகா எண் பட்டியல் மட்டும் எழுதிக் குடு."

பத்தாவதோடு நின்றுவிட்டுத் தையல் கம்பெனிக்குப் போகிற ஷைலா செல்போனைப் பார்த்துப் பட்டியலை எழுதினாள். மனசு கேட்காமல் அம்மாவின் நம்பரையும் போட்டுப் பார்த்தாள். 9973 பெருக்கல் 10007 என்று உடனே வந்தது. பட்டியலின் கடைசி எண்ணே 9973தான். அதை எழுதாமல் விட்டாள்.

வாரம் மூன்று நாள், உள்ளே ஞானகுமாரிக்கு ரத்தம் சுத்தமாகும். வெளியே நாற்காலியில் இருதயராஜ் வகுப்பார்.

"இன்னா நைனா, டாக்டருக்கே பாடம் எடுக்கப் போறியா?" என்பார் வாசல் காவலர் அய்யாசாமி.

"இன்னிக்கு முப்பது முடிஞ்சுது. எல்லாத்துலயும் மீதி வருது!"

ஒவ்வொரு மீதிக்கும் அவர் முகம் தெளிவதைப் பார்த்தபடி ஷைலா டிபன் டப்பாவைத் திறந்துவைப்பாள்.

நாலாவது மாதம் பட்டியலில் கடைசியாக இருந்த 9967ஐயும் முடித்தார். திருமுல்லைவாயில் வீட்டுக்கு அல்வா வந்தது. ஞானகுமாரி ஒரு விள்ளல் தின்றாள். ஒன்பதாம் நாள் ரத்தம் சுத்தமாகிக்கொண்டிருக்கும்போதே அவள் இதயம் நின்றுபோனது.

ஏழாம் நாள் பூசை முடிந்து திரும்பியவர் புது நோட்டை விரித்து மூன்றிலிருந்து ஆரம்பித்தார்.

"எங்கயோ மீதியைத் தப்பா போட்டுட்டேன். வேண்டுதல்ல பொய்க்கணக்கு காட்டிட்டேன். அவ போனது என்னாலதான்."

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஷைலா பட்டியலின் அடியில் 9973 என்று எழுதி அவர் முன்னால் வைத்தாள்.

அவர் வகுத்தார். மீதி வரவில்லை. இன்னொரு தடவை வகுத்தார்.

"உங்க கணக்குல தப்பே இல்லப்பா. நான்தான் விட்டேன்."

"எப்போ தெரிஞ்சுது?"

"பட்டியல் எழுதின அன்னிக்கே."

"தெரிஞ்சுகிட்டேவா தினம் டப்பா கட்டிக் குடுத்தே?"

அவர் நோட்டை மூடினார். அதற்கப்புறம் அவர் செய்வதற்கு அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை.