செங்கா திருப்பி வாசிக்கிறார்

மூக்குதான் முதலில் உள்ளே போகும். தெருக்கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு மூன்று தரம் முகர்ந்து பார்த்த பிறகுதான் செங்கா ரெனி எங்கள் படிக்கட்டில் கால் வைப்பார். "பூனை. கருகின டோஸ்ட். மூணாவது மாடியில எவனோ நம்மளக் கேக்காம பெயின்ட் அடிக்கிறான்" என்று ஒப்பித்துவிட்டு என் பக்கம் திரும்புவார். மூன்றும் சரியாக இருக்கும். கீழ்வீட்டில் இருக்கும் எனக்கே பூனை விஷயம் தெரியாது.

கிளாஸ்கோவில் எங்கள் பேட்டையின் வீடுகள் கில்பெக் வீட்டு வசதிச் சங்கத்துக்குச் சொந்தம். அதில் புகார்களைப் பார்க்கும் பெண் அலுவலர் செங்கா. வயது ஐம்பத்தெட்டு. மழைக்கோட்டு, முழங்காலைத் தொடும் தோள்பை, அதில் ஒரு டார்ச், ஒரு கட்டுப் படிவம், கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்காமலிருக்க நாற்காலிக் கால்களுக்கு ஒட்டுகிற கம்பளித் துண்டுகள். மாடி வீட்டுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் அந்தத் துண்டுகளில் பதினாறு எண்ணிக் கையில் கொடுத்து, "என்னோட மொய். இன்னிக்கே ஒட்டிடுங்க" என்பார். நான் சங்கத்தின் குடியிருப்போர் குழுவில் உறுப்பினன். புகாரை விசாரிக்கும்போது குழுவிலிருந்து ஒரு ஆள் கூட இருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் என் வேலை அந்தப் பையைத் தூக்குவது.

நாய் அசிங்கத்துக்கு அவர் கண்ட மருந்தை இன்னும் தெருவில் சொல்லிச் சிரிக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை வைத்துப் பார்த்தார், நடக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை பல்குச்சிகளில் கலர் காகிதக் கொடி ஒட்டிக்கொண்டு வந்து, நடைபாதையில் கிடந்த ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதி நட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டு கொடி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் நின்று எண்ணினார்கள். புதன்கிழமை தெரு பளிச்சென்று இருந்தது.

அவர் மேலேயே புகார் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அவர் குடியிருப்பதும் சங்கத்து வீட்டில்தான். குளிக்கும்போது பாடுகிறாராம். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். "ஞாயமான புகார்தான்பா. நான் ஸ்ருதியே சேராமப் பாடுவேன்" என்று அவரே ஒப்புக்கொண்டு, இப்போது பாதிப் பாட்டோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஆனால் செங்கா என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் திருப்பி வாசிப்பதுதான். யார் என்ன சொன்னாலும் அவரவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வார். குறுக்கே பேச மாட்டார், சமாதானம் சொல்ல மாட்டார். எழுதி முடித்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "நீங்க சொன்னதைத் திருப்பி வாசிக்கிறேன், கேளுங்க" என்று தபால்காரர் தந்தி படிப்பதுபோல் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பார். சொன்னவர் அங்கேயே பாதியை அடிக்கச் சொல்லிவிடுவார். எனக்கே நடந்திருக்கிறது. குப்பைப் பையைக் கிழிக்கும் கடற்புறாக்களைப் பற்றி ஒருமுறை ஒன்றரைப் பக்கம் பொரிந்து தள்ளினேன். "'அந்தப் பறவைங்க என்னை மட்டும் குறிவைக்குது. அதுல ஒண்ணு என்னைப் பாத்துச் சிரிக்குது.' சரியா எழுதியிருக்கேனா, தம்பி?" என்று கேட்டார். மூடியுள்ள தொட்டி ஒன்று வேண்டும் என்பதைத் தவிர எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அவர் வந்தது முதல் மாடி நெட்டா கெயின்ஸைப் பார்க்க. வழக்கமாகப் படியேறும்போது வாய் ஓயாது. அன்று மூச்சே விடவில்லை. எனக்குக் காரணம் தெரியும்.

நெட்டாவுக்கு நேர் மேலே இரண்டாம் மாடியில் ஹப்தோம் குடியிருக்கிறார். எரித்ரியாக்காரர். ரொட்டி ஆலையில் விடியற்கால வேலை. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. இன்னும் பள்ளிக்கூடம் போகாத இரண்டு சின்னப் பெண்கள். நாலு வருடம் விடுதி அறைகளில் மாறி மாறிக் கிடந்துவிட்டு எங்கள் கட்டடத்துக்கு வந்த குடும்பம். புதிதாக வருபவர்களுக்கு முதல் வருடம் வீடு தற்காலிகம்தான். அந்த வருடத்துக்குள் இரண்டு புகார் பதிவானால் நிரந்தரமாகாது. ஹப்தோம் பேரில் ஒன்று ஏற்கெனவே உண்டு. குழந்தை வண்டியைப் படியடியில் விட்டுவிட்டார், தீயணைப்பு விதிப்படி தப்பு. அவருடைய வருடம் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அலுவலகம் மூடுவதோடு முடிகிறது. அதற்குள் இன்னொரு புகாரில் கையெழுத்து விழுந்து பதிவாகிவிட்டால், அந்தப் பெண்கள் மறுபடி பெட்டி கட்ட வேண்டியதுதான்.

நெட்டா ஐந்து வாரமாக வாராவாரம் போன் செய்துகொண்டிருந்தார். போனில் சொன்னது பதிவாகாது. அன்று எழுத்தில் கொடுக்கிறேன் என்று வரச் சொல்லியிருந்தார். ஹப்தோம் வீட்டு நிலவரத்தை நெட்டாவிடம் செங்கா சொல்லவே கூடாது. ஒரு குடித்தனக்காரர் கோப்பில் இருப்பதை இன்னொருவரிடம் சொன்னால் அவர் வேலை போய்விடும். எழுதாமலும் இருக்க முடியாது. கொடுக்கிற புகாரை வாங்குவதுதான் அவர் உத்தியோகம்.

படி ஈரமாக இருந்தது. நெட்டா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே காத்திருந்தார். எழுபத்தாறு வயது, தலைமுடி சுருள் கலையாமல், உதட்டில் சாயத்தோடு. கதவுக் கைப்பிடியில் படிக்கட்டு அட்டை தொங்கியது.

அந்த அட்டைதான் எங்கள் கட்டடத்தின் சட்டம். எட்டு வீட்டுக்கும் ஒரே படிக்கட்டு. அட்டை யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் மேலிருந்து தெருக்கதவு வரை கழுவுவது அவர்கள் முறை. கழுவி முடித்ததும் அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். யாரும் யாரையும் கேட்பதில்லை, யாரும் மறப்பதில்லை. இன்னொருவர் முறையை நாம் கழுவிவிடுவது மட்டும் கூடவே கூடாது. 'உன் படி நாறுகிறது' என்று தெருவில் நின்று கத்துவதற்குச் சமம் அது.

"உக்காரு செங்கா. நல்லா எழுது" என்றார் நெட்டா. "வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒம்பது மணியானா வாளியைப் போட்டு டமார் டமார்னு அடிக்கிறான். தண்ணி என் கதவுக்கு அடியில வந்துடுது. அந்தப் பொண்ணுங்க யானைக்குட்டியாட்டம் ஓடுதுங்க. எனக்குத் தூக்கமே இல்ல. விசில் வேற அடிக்கிறான்."

செங்கா எழுதினார். நாலு தாள் வந்தது. கண்ணாடியை ஏற்றினார்.

"திருப்பி வாசிக்கிறேன், கேளுங்க நெட்டாக்கா. 'ஒம்பது மணியானா வாளியைப் போட்டு டமார் டமார்னு அடிக்கிறான். எனக்குத் தூக்கமே இல்ல.'"

"ஒம்பது மணிக்கு எவ தூங்குவா? நான் ஆறு மணிக்கே எந்திரிச்சுடுவேன். அதை அடி."

"'தண்ணி என் கதவுக்கு அடியில வந்துடுது.'"

"வந்துடும் போல இருக்குன்னு சொன்னேன். சரி, அதையும் அடி."

"'பொண்ணுங்க யானைக்குட்டியாட்டம் ஓடுதுங்க.'"

"சின்னது என்னைப் பாத்தா கையாட்டும். அதுங்களை எதுக்கு இழுக்கணும்? அடி."

"விசில்?"

"விசில் நல்லாத்தான் அடிக்கிறான், பாவி."

எல்லாம் போய்விட்டது என்று நான் மனசுக்குள் குதித்தேன். செங்கா பேனாவை மூடவில்லை. "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குல்ல? அதை இன்னும் நீங்க சொல்லவே இல்ல" என்றார்.

நெட்டாவின் கழுத்து சிவந்தது. "என் முறையை அவன் கழுவுறான். அஞ்சு வாரமா! என்னைக் கேட்டானா? கார்டு என் கதவுல தொங்குது, அவன் பாட்டுக்கு வாளியைத் தூக்கிட்டு வந்து கழுவிட்டுப் போறான். இந்த வீட்டுல நாப்பத்தோரு வருஷம் இருக்கேன். என் படியை இன்னொருத்தன் கழுவுனதா சரித்திரம் உண்டா? இன்னிக்கும் கழுவியிருக்கான். எழுது. இதுக்குக் கையெழுத்துப் போடறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து வாரமாக அட்டை அந்தக் கதவிலேயே தொங்குகிறது. அவன் கழுவியதை ஏற்றுக்கொள்ள மாட்டேன், என் முறை இன்னும் முடியவில்லை என்று நெட்டா அதை நகர்த்தவே இல்லை. அட்டை அங்கேயே இருக்கிறதே, கிழவிக்கு முடியவில்லை போலும் என்று ஹப்தோம் வாராவாரம் கழுவியிருக்கிறார். மற்ற ஆறு வீடும் அட்டை நகராததைக் கண்டும் காணாமல் இருந்திருக்கிறோம். நானும்தான். என் கதவில் தொங்கவில்லையே, எனக்கென்ன! நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"எழுதறேன். ஆனா எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று படிவத்தைத் திருப்பிக் காட்டினார் செங்கா. "சத்தம்னு ஒரு கட்டம் இருக்கு, குப்பைனு இருக்கு, நாய்னு இருக்கு. ஒத்தாசைன்னு கட்டம் இல்லையே."

"ஒத்தாசையா? அவமானம்டீ அது!"

"எனக்குத் தெரியாதா? எங்கம்மா முறையை எதிர்வீட்டுக்காரி ஒரு தடவை கழுவிட்டா. எங்கம்மா அவகூட பதினோரு வருஷம் பேசல."

"சரியாத்தான் செஞ்சிருக்கா."

"அவளுக்கு நம்ம வழக்கம் தெரியும், வேணும்னு கழுவினா. இவனுக்கு என்ன தெரியும்? வாளியும் கையுமா நீங்க படியில உக்காந்திருந்ததை மேலேர்ந்து பாத்திருக்கான், அவனே எங்கிட்ட சொன்னான். பாத்துட்டுச் சும்மா தாண்டிப் போனா அவன் ஊர்ல அதுதான் அவமானமாம்."

நெட்டா கையை முட்டிமேல் வைத்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கிப்போய்ச் சொன்னார். "முட்டி மடங்க மாட்டேங்குது, செங்கா. அன்னிக்கு அஞ்சாவது படியில உக்காந்தவ எந்திரிக்க முடியல. முக்கால் மணி நேரம். ஒருத்தன் பாக்கலன்னு நெனச்சேன்."

எதிரே நாற்பத்தோரு வருடத்துப் பிடிவாதம் ஒரு முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. செங்கா ஐயோ பாவம் என்று ஒரு சொல் சொல்லவில்லை.

"இதையும் எழுதட்டுமா?" என்றார்.

"எழுதினே, கொன்னுடுவேன்."

"சரி. அப்ப கழுவினது மட்டும்தான்." முழுப் படிவத்திலும் மிஞ்சிய அந்த ஒரு வரியை எழுதி, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பத்தைந்து. அலுவலகம் ஐந்து நிமிட நடை. என்னம்மா இது, கையில் பேனாவையே கொடுக்கிறாயே என்று எனக்குப் பதைத்தது.

நெட்டா பேனாவைப் பிடித்தார். படிவத்தைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாகப் படியைப் பார்த்தார்.

"கழுவறதுதான் கழுவறான், ஒழுங்கா கழுவறானா? மூலையெல்லாம் அப்படியே கிடக்கு. பச்சைத் தண்ணி ஊத்தறான். வெந்நீர் வேண்டாமா? இதெல்லாம் யாரு அவனுக்குச் சொல்றது?"

"நான் சொல்லக் கூடாது. என் வேலை இல்ல" என்றார் செங்கா.

"முதல்ல நானே போய் அவன் மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன். அப்புறம் கையெழுத்து. நீ எங்கயும் போயிடாதே."

"நான் எங்க போகப் போறேன்? நிதானமா போய்ட்டு வாங்க."

நெட்டா எழுந்தார். வெளியே வந்தவர் கைப்பிடியிலிருந்து அட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு கையில் அட்டை, ஒரு கையில் கம்பி. ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். தாங்கிப் பிடிக்க நான் ஓரடி வைத்தேன். செங்கா என் கோட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அவருடைய இன்னொரு கை பைவாரை முறுக்கிக்கொண்டிருந்தது. பதினெட்டுப் படிக்கு ஆறு நிமிடம் ஆயிற்று.

மேலே கதவு திறந்தது. பெண்கள் கீச்சிட்டார்கள்.

"இந்தா, பிடி. என் முறை முடிஞ்சுது. இனி உன் முறை. மூலைக்குப் பழைய பல் பிரஷ் வேணும், வச்சிருக்கியா?"

"உள்ள வாங்கம்மா, நின்னுக்கிட்டே பேசக் கூடாது. காபி போடறேன்."

"காபியெல்லாம் வேண்டாம். எனக்குக் கீழ வேலை இருக்கு."

"எங்க வீட்டுல வேண்டாம்னு சொல்லக் கூடாது."

கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பச்சைக் காபிக்கொட்டை வறுபடும் வாசனை படியிறங்கி வந்தது. செங்கா தலையை நிமிர்த்தி, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார்.

"வறுத்து, இடிச்சு, மூணு சுத்து ஊத்துவாங்க. மூணும் குடிக்காம எந்திரிச்சா மரியாதை இல்ல. அந்த வீட்டுல நான் மாட்டியிருக்கேன். ஒன்றரை மணி நேரம்" என்றார்.

"பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ்..." என்று ஆரம்பித்தேன்.

செங்கா கையெழுத்தில்லாத படிவத்தின் நாலு தாளையும் பிரித்து, ஹப்தோம் கழுவிவிட்டுப் போன ஈரப் படியில் ஒன்றோடொன்று ஒட்ட விரித்து, கோட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவற்றின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.